தோற்றுவிப்பவர் யார்? இணையச் சட்டகங்களில் தொழிற்சாலையும் சார்பு வழங்கலும்

கணினிச் செய்நிரலை இலக்கிய விமர்சகன் எதன்பொருட்டு நோக்கவேண்டும் என்னும் வினா நியாயமானதே. செய்நிரல் இயந்திரத்துக்கு இடப்படும் கட்டளைகளின் கோவை. அதில் மெய்ப்பாடுமில்லை, அணியுமில்லை. ஆதலின் அதனை ஆராய்தல் பொறியியலாளர் பணியே என்று நம்முள் ஒரு சாரார் கருதுவர். தொழினுட்பத்துக்கு வர்க்கச் சார்பில்லை, அதனை யார் கையாள்கின்றனர் என்பதே முக்கியம் என்று கூறும் முற்போக்காளர் சிலரும் வேறொரு வழியாக இதே முடிவுக்கு வந்து சேர்வர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். செய்நிரல் இயந்திரத்துக்காக மாத்திரம் எழுதப்படுவதில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, விளங்கி, திருத்தி, வளர்த்துச் செல்வதற்காகவும் அது எழுதப்படுகின்றது. அதில் பெயர்கள் உள்ளன. எது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்னும் கூற்றுகள் உள்ளன. சொல்லாது விடப்பட்டவையும் உள்ளன. இத்தகைய எழுத்து விமர்சனத்துக்குப் புறம்பானதாயிருத்தல் இயலாது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது இணையச் செயலிகளை ஆக்குவதற்குப் பயன்படும் சட்டகங்களில் இன்று பெருவழக்காகிவிட்ட இரு முறைகளை. ஆங்கிலத்தில் ஒன்றினைப் 'பெக்டரி' என்பர். மற்றையதனை 'டிபென்டன்சி இன்ஜெக்ஷன்' என்பர். முன்னதைத் தொழிற்சாலை என்றும், பின்னதைச் சார்பு வழங்கல் என்றும் குறிப்போம். பின்னதற்கு நேர்மொழிபெயர்ப்பாக அமையும் 'உட்செலுத்தல்' என்னும் சொல்லை நாம் ஏன் தவிர்க்கிறோம் என்பது போகப்போகப் புலப்படும். அட்டாளைச்சேனையிலிருந்து இதனை எழுத முற்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டு பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இவ்வூரின் அயலில், ஒலுவிலிலேயே உளது. இப்பிரதேசத்து மாணவர் இச்சட்டகங்களை ஆங்கிலப் பெயர்களுடனேயே கற்கின்றனர். பெயர்களின் பின்னாலுள்ள சிந்தனையைத் தமிழில் எவரும் அவர்களுக்கு விளக்கியதாகத் தெரியவில்லை. இரண்டாவது காரணம் 2004 டிசம்பர் 26 ஆம் திகதியுடன் தொடர்புடையது. அதற்குப் பின்னர் வருவோம்.

1

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்ளல் வேண்டும். அனர்த்தம் ஒன்றின் பின்னர் முகாம்களில் தங்கியுள்ள குடும்பங்களைப் பதிவதற்கு ஓர் இணையச் செயலி எழுதப்படுகிறதென்க. அதில் முகாம்பதிவேடு என்றொரு வகுப்பு உண்டு. வகுப்பு என்பது ஒரே இயல்புடைய பொருள்களை ஆக்குவதற்கான வரையறை; செய்நிரல் இயங்கும்போது அவ்வரையறையின்படி தோன்றுவது பொருள். (ஆங்கிலத்தில் சமுதாய வர்க்கத்துக்கும் செய்நிரல் வகுப்புக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. தமிழ் இவ்விரண்டையும் வேறுபடுத்திக்கொண்டமை எமது நற்பேறு.) முகாம்பதிவேடு தன் பணியைச் செய்யவேண்டுமாயின் அதற்குத் தரவுத்தள இணைப்பு வேண்டும். செய்தி அனுப்ப ஒரு கருவி வேண்டும். எந்தக் கிராமம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது எனக் கூறும் அட்டவணையும் வேண்டும்.

இவற்றைப் பெறுவதற்குப் பழைய வழி ஒன்றுண்டு. வகுப்பின் உள்ளேயே, 'புதிதாக ஒரு மைஎஸ்கியூஎல் இணைப்பை ஆக்கு' என்று எழுதிவிடலாம். செயலி குறைவின்றி இயங்கும். ஆனால் அவ்வகுப்பு அன்றுமுதல் மைஎஸ்கியூஎல்லோடு பிணைக்கப்பட்டுவிடும். வேறொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் மாவட்டத்துக்கு அதனை எடுத்துச் செல்லவேண்டுமாயின் வகுப்பையே வெட்டித் திறக்கவேண்டும். உண்மையான தரவுத்தளம் இல்லாது அதனைச் சோதித்துப் பார்க்கவும் முடியாது. இவை பொறியியலாளர் வழக்கமாகக் கூறும் குறைபாடுகள். விமர்சகனுக்கு இவற்றிலும் பெரிதாகத் தோன்றும் குறைபாடு வேறு. அவ்வகுப்பை வெளியிலிருந்து நோக்குபவருக்கு அது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பது தெரியவே தெரியாது. தனித்து நிற்பதாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, உள்ளே பிறவற்றில் தங்கியிருக்கின்றது அது.

மற்றைய வழியில் வகுப்பு எதனையும் தானாக ஆக்கிக்கொள்வதில்லை. பொருள் தோன்றும்போது முதலில் இயங்கும் கூறினைக் கொன்ஸ்ட்ரக்டர் என்பர். அதன் தலைவாயிலிலேயே, 'எனக்கு ஒரு தரவுத்தள இணைப்பும் ஒரு செய்திக் கருவியும் ஒரு பிரிவு அட்டவணையும் வேண்டும்' என்று அறிவிக்கப்படுகின்றது. எந்த இணைப்பு, யார் செய்த கருவி என்பன கூறப்படுவதில்லை. இன்ன பணியைச் செய்யவல்லது வேண்டும் என்பது மாத்திரமே கூறப்படும். வெளியிலிருந்து அவை வழங்கப்படுகின்றன. இவ்வாறு வழங்குதலே சார்பு வழங்கல். வழங்கவேண்டியவற்றைத் திரட்டிப் பொருளை ஆக்கித் தரும் தனிப்பட்ட கூறே தொழிற்சாலை. எந்தப் பெயருக்கு எந்தத் தொழிற்சாலை உரியது என்னும் பட்டியலை வைத்துக்கொண்டு, கேட்டவிடத்துக் கேட்டதை ஆக்குவித்துத் தருவது கொள்கலன் எனப்படும்.

கீழ்க்கரையில் வயல் செய்வோருக்கு இதில் புதுமை எதுவுமில்லை. வயல் தனக்கெனக் குளம் தோண்டிக்கொள்வதில்லை. அதற்கு நீர் வாய்க்கால்வழி வருகின்றது. எந்த வயலுக்கு எப்பொழுது நீர் பாயவேண்டும் என்பதை வட்டைவிதானை பார்த்துக்கொள்கிறார். கல்லோயாவின் நீர் கடைசியாக வந்து சேரும் கரையோர வயற்காரருக்குச் சார்பு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேல்வாய்க்காலில் மடை அடைக்கப்பட்டால் இங்கே பயிர் வாடும். தன் வயலுக்கு நீர் எங்கிருந்து வருகின்றதென்று அறிந்தவன், அது வராதபோது எங்கே சென்று கேட்கவேண்டும் என்பதையும் அறிவான்.

2

ஆக்கம் பற்றிய இவ்வினாக்கள் தமிழ் இலக்கண மரபுக்கும் அந்நியமானவையல்ல. வேற்றுமைப் பொருளை விளக்கப் புகுந்த எமது உரையாசிரியர்கள் காரணத்தை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூவகைப்படுத்தினர். குடத்துக்கு மண் முதற்காரணம்; திரிகையும் கோலும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். குடம் தன் குயவனைத் தானே தோற்றுவிப்பதில்லை. முன்னர் நாம் கண்ட பழைய வழி, குடம் தனக்குள்ளே ஒரு குயவனை வைத்திருப்பதை ஒத்தது. கருத்தாவையும் அவர்கள் இரண்டாக வகுத்தனர். கோயிலை அரசன் கட்டினான் என்றும் சொல்லலாம், தச்சன் கட்டினான் என்றும் சொல்லலாம். முன்னவன் ஏவுதற் கருத்தா. பின்னவன் இயற்றுதற் கருத்தா. கொள்கலன் ஏவுகின்றது, தொழிற்சாலை இயற்றுகின்றது. இப்பாகுபாட்டைச் செய்த இலக்கணகாரர்கள் நிலமானிய சமுதாயத்தின் அறிஞர்களே. எனினும் கோயிலின் பெயர் அரசனுக்குப் போனாலும் கை தச்சனுடையது என்பதை வாக்கிய அமைப்பிலேனும் அவர்கள் மறைக்கவில்லை. இன்றைய சட்டகங்களைப் பற்றிய எழுத்துகளிற் பல இத்தெளிவையும் இழந்துள்ளன.

இக்கருத்துகளின் வரலாறு நீண்டதன்று. 1988 இல் ரால்ப் ஜோன்சன், பிறயன் பூட் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரையொன்றில் கட்டுப்பாடு தலைகீழாதல் என்னும் கருத்து இடம்பெற்றது. பயன்படுத்துபவரின் செய்நிரல் சட்டகத்தை அழைப்பதற்குப் பதிலாகச் சட்டகமே பயன்படுத்துபவரின் செய்நிரலை அழைக்கும் என்பதே அதன் சாரம். அதே ஜோன்சன், காமா, ஹெல்ம், விலிசைட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1994 இல் வெளியிட்ட வடிவமைப்புக் கோலங்கள் பற்றிய நூலில் 23 கோலங்கள் தொகுக்கப்பட்டன. தொழிற்சாலையின் இரு வகைகள் அவற்றுள் அடங்கும். ஜாவா உலகில் ஸ்பிரிங் போன்ற சட்டகங்கள் எழுந்துகொண்டிருந்த வேளையில், 2004 ஜனவரியில், மார்ட்டின் பவுலர் எழுதிய கட்டுரை சார்பு வழங்கலுக்கு அதன் ஆங்கிலப் பெயரை நிலைபெறச் செய்தது.

பெயர்களைக் கூர்ந்து நோக்குதல் பயனுடையது. தொழிற்சாலை, கொள்கலன், சேவை, ஒப்பந்தம், நுகர்வோர் என இத்துறையின் கலைச்சொற்கள் யாவும் கைத்தொழில் முதலாளித்துவத்தின் அங்காடியிலிருந்து பெறப்பட்டவை. கட்டுப்பாடு தலைகீழாதலுக்கு வழங்கும் மறுபெயர் இன்னுஞ் சுவையானது. ஹொலிவூட் கொள்கை என்பர் அதனை. வேலை தேடி வரும் நடிகரிடம், நீர் எம்மை அழைக்கவேண்டாம், தேவைப்படின் நாமே அழைப்போம் என்று படப்பிடிப்பு நிறுவனங்கள் கூறி அனுப்பிவிடும் வழக்கத்தைச் சுட்டுவது அது. கூலியுழைப்புச் சந்தையில் உழைப்பவனுக்குக் கூறப்படும் மறுமொழி ஒரு பொறியியற் கொள்கையின் பெயராக, எவ்வித உறுத்தலுமின்றி, வழங்கி வருகின்றது. இது தற்செயலானதன்று. ஆனால் இதனைச் சுட்டிக்காட்டியதோடு விமர்சனம் முடிந்துவிட்டதெனக் கருதுவதும் எளிமைப்படுத்தலாகும். பெயர் பிற்போக்கானது என்பதனால் முறையும் பிற்போக்கானதாகிவிடாது.

சார்பு என்னும் சொல்லே இதற்கு எடுத்துக்காட்டு. 1960களின் பிற்கூற்றிலிருந்து, குறிப்பாக ஆந்த்ரே குந்தர் பிராங்கின் 1967 ஆம் ஆண்டு நூலுக்குப் பின்னர், மூன்றாம் உலக நாடுகளின் பின்தங்கிய நிலையை விளக்குவதற்கு எமது ஆய்வாளர்கள் கையாண்ட சொல் இது. அங்கே சார்பு ஒரு நோய், தன்னிறைவே மருந்து. செய்நிரலிலும் எதனையுந் தானே ஆக்கிக்கொள்ளும் வகுப்புத்தான் முற்போக்கானதோ என்று எமது வாசகர் சிலர் கேட்கக்கூடும். அவ்வாறன்று. தரவுத்தளத்தைத் தனக்குள் ஆக்கிக்கொள்ளும் வகுப்பு தன்னிறைவு பெற்றதன்று. சார்பை மறைத்து வைத்திருப்பது. மருதமுனைத் தறியில் நெய்தவருக்கு நூல் வெளியிலிருந்துதான் வந்தது. அதனை மறைத்துக் கைத்தறியைத் தன்னிறைவின் சின்னமாக மாத்திரம் போற்றியவர்களால் 1977 இன் திறந்த பொருளாதாரம் அதனைத் தாக்கியபோது நிகழ்ந்ததை விளக்க முடியவில்லை. சார்பை ஒழிப்பதற்கு முன்னர் சார்பை அறிதல் வேண்டும். சார்பு வழங்கல் என்னும் முறையில் நாம் காணும் முற்போக்கான கூறு இதுவே: தனக்கு எது வேண்டும் என்பதை ஒவ்வொரு கூறும் வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று அது வற்புறுத்துகின்றது.

3

இம்முறை நடைமுறையில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதற்குப் பிஎச்பி மொழியில் அமைந்த செண்ட் சட்டகத்தின் வரலாறு தக்க சான்று. 2012 செப்டெம்பரில் அதன் இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. அதன் சேவை முகாமையாளர் என்னும் கூறு ஒரு கொள்கலன். ஒவ்வொரு சேவைக்கும் உரிய தொழிற்சாலையைச் செயலியை எழுதுபவர் பட்டியலிட்டு வைப்பார். கேட்கும்போது முகாமையாளர் அத்தொழிற்சாலையை இயக்கிப் பொருளைப் பெற்றுத் தரும். பெரும்பாலும் ஒருமுறை ஆக்கியதையே பின்னரும் தரும். இதுவரை குறையில்லை. ஆனால் அப்பதிப்பில் கட்டுப்பாட்டு வகுப்புகளுக்கு, அதாவது பயனரின் வேண்டுகோளை ஏற்று மறுமொழி ஆயத்தப்படுத்தும் வகுப்புகளுக்கு, முகாமையாளரையே முழுமையாகக் கையிற் கொடுத்துவிட்டனர். வேண்டியது எதுவாயினும், வேண்டிய நேரத்தில், எந்த வரியிலிருந்தும் அதனிடம் கேட்டுப் பெறலாம்.

இதன் விளைவு யாது? தலைவாயிலில் எதனையும் அறிவிக்கவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. ஐந்நூறு வரி நீண்ட வகுப்பொன்றின் நானூற்றிருபதாவது வரியில் திடீரென ஒரு சேவை கேட்கப்படும். அப்பொழுதே அவ்வகுப்பு அதனைச் சார்ந்திருந்தது தெரியவரும். கேட்புச் சீட்டு இன்றிக் களஞ்சியத்தின் திறப்பையே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுதல் போன்றது இது. சார்பை வெளிப்படுத்த எழுந்த முறையே சார்பை மறைக்கும் முறையாக மாறியது. எந்த முறைக்குள்ளும் அதன் எதிர்மறை உறைந்திருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

சட்டகத்தை ஆக்கியோரே இதனை உணர்ந்தனர். அவ்வாறு கேட்பது கைவிடப்படவுள்ளது என்னும் எச்சரிக்கை முதலில் வந்தது. 2016 இல் வெளியான மூன்றாம் பதிப்பில் கட்டுப்பாட்டு வகுப்புகளிலிருந்து முகாமையாளர் அகற்றப்பட்டது. அதன்பின் தனக்கு வேண்டியவற்றைக் கட்டுப்பாட்டு வகுப்பு கொன்ஸ்ட்ரக்டரில் அறிவிக்கவேண்டும். அவற்றைத் திரட்டிக் கொடுக்க அதற்கென ஒரு தொழிற்சாலை எழுதப்படவேண்டும். இதற்கு எதிர்ப்பும் இருந்தது. நூறு வகுப்புக்கு நூறு தொழிற்சாலையா என்று கேட்டனர். அம்முறைப்பாட்டை நாம் எள்ளி நகையாடமாட்டோம். எழுதுபவரின் உழைப்பு நேரம் பற்றியது அது. கூலிக்குச் செய்நிரல் எழுதுபவருக்கு நேரம் அவருடையதன்று. அதே ஆண்டின் பிற்பகுதியிலேயே, வகுப்பின் தலைவாயிலை இயந்திரமே வாசித்துத் தேவையானவற்றைத் தானாகவே இணைத்துக்கொடுக்கும் பொதுத் தொழிற்சாலை ஒன்றும் சேர்க்கப்பட்டது. லாரவெல் சட்டகத்தில் இத்தகைய தன்னியக்க இணைப்பே இயல்பான வழி. செண்ட் பின்னர் லாமினாஸ் எனப் பெயர் மாறி லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் வந்தபோதும் இவ்விரு வழிகளும் அருகருகே நிலைத்தன.

இவற்றுள் எது விரும்பத்தக்கது? தன்னியக்க இணைப்பில் அறிவித்தல் எஞ்சியுள்ளது. தலைவாயிலை வாசிப்பவர் சார்புகளை அறியலாம். ஆனால் வழங்குபவர் மறைந்துவிடுகிறார். பொருள் ஆயத்தமாக வந்து நிற்கின்றது. அதனை ஆக்கிய தொழிற்சாலையை எக்கோப்பிலும் காண இயலாது. மூலதனம் முதலாம் பாகத்தில் 1867 இல் மார்க்ஸ் பண்டங்களைப் பற்றிக் கூறியது இங்கு நினைவுக்கு வருகின்றது: சந்தைக்கு வந்த பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பின் உறவுகளை மறைத்து, தனக்கே இயல்பான ஆற்றல் உடையதுபோலத் தோன்றும். சிறிய செயலிகளுக்குத் தன்னியக்க இணைப்புப் போதுமானது என்பதை ஏற்கிறோம். பொதுமக்களின் உரிமையைத் தீர்மானிக்கும் செயலிகளில், கையால் எழுதப்பட்ட, வாசிக்கத்தக்க தொழிற்சாலைகளே வேண்டும் என்பது எமது கருத்து. அதற்காக அடுக்கின்மேல் அடுக்காகத் தொழிற்சாலைகளைக் குவிப்பதும் தெளிவாகாது. ஸ்பிரிங் சட்டகத்தில் அப்ஸ்ட்ராக்ட் சிங்கிள்டன் புறொக்சி பெக்டரி பீன் என்ற பெயருடைய வகுப்பு ஒன்றுண்டு. செய்நிரலாளர் அப்பெயரைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம், சிரிப்பில் நியாயமுண்டு.

4

இனி எமது கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் புகுந்தபோது இலங்கையின் எந்த மாவட்டத்திலும் பார்க்க அம்பாறையிலேயே உயிரிழப்பு மிகுதி. மாண்டோர் 10,000 க்கும் மேற்பட்டோர். மருதமுனை முதல் அக்கரைப்பற்றுக்கு அப்பாலும் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கிக் கிடந்த ஊர்கள் அவை. அதே நாட்களில் இலங்கைத் தகவற்றொழினுட்பத் துறையினர் தன்னார்வமாகக் கூடி ஓர் இணையச் செயலியை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் சஹானா என்பது அதன் பெயர். காணாமற் போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகளின் முகாமைத்துவம் ஆகியன அதன் கூறுகள். லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதனை ஒருங்கிணைத்தது; கட்டற்ற மென்பொருளாக அது வெளியிடப்பட்டது. பாகிஸ்தானில் 2005 இலும், பிலிப்பைன்சில் 2006 இலும், ஹெயிட்டியில் 2010 இலும் நேர்ந்த அனர்த்தங்களின் பின்னர் அது பயன்பட்டது. சமூக நன்மைக்கான திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006 ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. வறிய நாடொன்றில், அழிவின் நடுவே, கூட்டு உழைப்பினாற் பிறந்த செய்நிரல் இது. எமது இலக்கிய வரலாறுகளில் இடம்பெறும் பல நூல்களிலும் பார்க்க அதிகமான மனிதர் வாழ்வைத் தொட்டது என்று கூறின் மிகையாகாது.

பிஎச்பியில் அமைந்த அச்சஹானாவின் கோப்புகளை வாசிப்பவர், செயற்கூறுகள் பலவற்றின் தொடக்கத்தில் 'குளோபல்' என்னும் அறிவிப்பைக் காண்பர். தரவுத்தள இணைப்பு, செயலியின் அமைவிடம் ஆகியன ஒரு பொதுத் தொகுதியில் வைக்கப்பட்டிருந்தன. எந்தச் செயற்கூறும் அங்கு சென்று எடுத்துக்கொள்ளலாம். நாம் மேலே கூறிய அளவுகோலின்படி இது குறைபாடுடையதே. ஆனால் அளவுகோலை வரலாற்றுக்கு வெளியே நின்று பிரயோகித்தல் விமர்சனமாகாது. பவுலரின் கட்டுரை வெளியாகி ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. செண்ட் சட்டகத்தின் முதற் பதிப்பே வந்திருக்கவில்லை. உடல்கள் கண்டெடுக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், விரைவில் இயங்கவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், தெரிந்த வழியில் எழுதினர். பின்னர் பைதன் மொழியில், வெப்2பை சட்டகத்தின்மேல் எழுந்த சஹானா ஈடன் இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. நாட்டுக்கு நாடு மாறுபடும் மொழிகள், நிருவாகப் பிரிவுகள் முதலியவற்றைச் செயலியின் உள்ளத்திலிருந்து பிரித்து, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் உரிய வார்ப்புரு அமைப்பில் வெளியிலிருந்து தரும்படி செய்தது. கொன்ஸ்ட்ரக்டர்வழிச் சார்பு வழங்கல் இதுவன்று. ஆயினும் எதனை உள்ளே நிலைநிறுத்துவது, எதனை வெளியிலிருந்து பெறுவது என்னும் அடிப்படை வினா ஒன்றே.

அவ்வினா எத்துணைப் பாரதூரமானது என்பதைச் செய்நிரலிலும் பார்க்க நிருவாகப் படிவங்களே எமக்குக் கற்பித்தன. அனர்த்தத்தின் பின் கடலோரத்தில் கட்டடம் எழுப்பத் தடைசெய்யப்பட்ட வலயம் அறிவிக்கப்பட்டது. தென்மேற்கில் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் அது தளர்த்தப்பட்டதாயினும், சாய்ந்தமருதிலோ கல்முனைக்குடியிலோ 200 மீற்றர் என்பது வீதிகள் பலவற்றைக் குறித்தது. பின்வாங்கிச் செல்ல அங்கே வயல்தான் இருந்தது. அந்த எண்ணை எங்கோ ஒருவர் எழுதினார். அதனை மாற்றத்தக்க ஒன்றாக அல்லாது நிலைத்த ஒன்றாகவே எழுதினார்.

அதனினும் ஆழமானது வீட்டுரிமை பற்றிய பிரச்சினை. கீழ்க்கரையின் முஸ்லிம், தமிழ்ச் சமூகங்கள் இரண்டிலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. மணமகன் மனைவியின் வீட்டுக்கே வாழ வருவான். குடி என்பது தாய்வழியே வருவது. சீதன முறையின் கொடுமைகளை நாம் மறுக்கவில்லை. தந்தையின் உழைப்பை அது உறிஞ்சுவதையும் நன்கறிவோம். எனினும் வீடு தன்னுடையது என்பதனால் இக்கரைப் பெண்ணுக்கு வாய்த்த ஓரளவு பாதுகாப்பு, நாட்டின் ஏனைய பகுதிகளிற் பல பெண்களுக்கு வாய்க்காதது. கடலோடு வீடு போயிற்று. மாற்று வீடு வழங்கப்பட்டபோது உரிமை பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' பெயருக்கே போயிற்று. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் கூட்டுரிமை கோரின.

இங்கே இலக்கணம் செய்யும் வேலையை நோக்குக. 'தலைவர்' என்பதன் அர் விகுதி பால் காட்டுவதில்லை, மரியாதையே காட்டுகின்றது. படிவத்தை வாசிப்பவருக்கு அது நடுநிலையான சொல்லாகத் தோன்றும். நடைமுறையில் உத்தியோகத்தர் அவ்விடத்திற் கணவரின் பெயரை எழுதினார். செய்நிரல் மொழியிற் கூறுவதாயின், குடும்பம் என்னும் வகுப்பு தனக்குரிய தலைவரை வெளியிலிருந்து கேட்டுப் பெறவில்லை. 'புதிதாக ஓர் ஆணை ஆக்கு' என்னும் கட்டளையைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. அக்கட்டளை 2004 இல் எழுதப்பட்டதன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் பின்னுரித்து அட்டவணை ஆண்மக்களை முன்வைத்தது. அதன் பால் வேறுபாட்டை நீக்கும் திருத்தம் வர 2022 ஆகவேண்டியிருந்தது. சஹானாவின் கோப்புகளில் இத்தகைய விதி இருந்தது என்று நாம் கூறவில்லை. நாம் கூறுவது, எந்தக் கணினியும் இன்றியே ஒரு விதி படிவத்தின் உள்ளே புதைந்து, கண்ணுக்குப் புலப்படாது இயங்கிற்று என்பதையே. செயலிகள் படிவங்களைப் பார்த்தே எழுதப்படுகின்றன.

உரிமையாளரைத் தீர்மானிக்கும் விதியை வகுப்பின் உள்ளிருந்து அகற்றி, தலைவாயிலில் அறிவித்து, வெளியிலிருந்து வழங்கும்படி செய்தால் நிலைமை மாறுமா? ஓரளவு மாறும். கீழ்க்கரைக்கு ஒரு விதி, தென்கரைக்கு வேறொன்று, கூட்டுரிமைக்கு இன்னுமொன்று என வழங்க இடமுண்டாகும். விதி ஒன்று இருக்கின்றது என்பதாவது கண்ணுக்குத் தெரியும், தெரிந்ததை எதிர்க்கலாம். ஆனால் தொழிற்சாலையை எழுதும் கை யாருடையது என்னும் வினா அப்பொழுதும் எஞ்சி நிற்கும். ஹாரி பிரேவர்மன் 1974 இல் உழைப்பும் ஏகபோக மூலதனமும் பற்றிய தம் நூலில், திட்டமிடும் மூளையையும் செய்து முடிக்கும் கையையும் பிரித்துவைப்பதே நவீன முகாமைத்துவத்தின் சாரம் என நிறுவினார். சார்பு வழங்கலில் அப்பிரிவு செய்நிரலுக்குள்ளேயே நிகழ்கின்றது. ஆயிரம் வகுப்புகள் தமக்கு வழங்கப்பட்டதைக் கொண்டு பணி செய்யும். எதனை எதனோடு பொருத்துவது என்னும் தீர்மானம் ஒரு கோப்பில், ஓரிடத்தில், ஒரு சிலர் கையில் இருக்கும். அச்சிலர் தலைநகரில் இருந்து, ஆங்கிலத்தில் எழுதி, மாமியார் வீட்டில் வாழும் மருமகனை ஒருபோதும் கண்டிராதவராயின், விதி வெளியில் வந்தும் பயனில்லை. தொழினுட்பம் நடுநிலையானது என்பாருக்கும், அதுவே விடுதலை தரும் என்பாருக்கும் எமது மறுமொழி இதுதான்: இம்முறை போராடத்தக்க ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுகின்றது, அவ்விடத்தில் யார் நிற்பர் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

உட்செலுத்தல் என்னும் சொல்லை நாம் ஏற்க மறுப்பதும் இதனாலேயே. அச்சொல் ஊசியை நினைவூட்டும்; பெறுபவர் கிடக்கிறார், கொடுப்பவர் குத்துகிறார். ஆனால் இம்முறையின் உயிர், பெறுபவர் முதலில் வாய்திறந்து கேட்பதில் உளது. கேட்டவருக்குக் கொடுப்பதற்குத் தமிழில் வழங்கல் என்றே பெயர். கொள்கலன் என்பதும் எமக்கு நிறைவளிக்கவில்லை. பானையும் கொள்கலனே, அது எதனையும் தீர்மானிப்பதில்லை. வட்டைவிதானையைப் பானை என எவரும் அழையார். பங்கீட்டகம் எனலாமா என்று யோசிக்கிறோம். சங்கக்கடை வரிசையில் பங்கீட்டு அட்டையுடன் நின்ற தலைமுறைக்கு அச்சொல்லின் நன்மையும் தீமையும் தெரியும். துறைசார்ந்தோர் இதனிலும் நல்லதைத் தருவாராயின் ஏற்போம்.

செய்யவேண்டிய பணி ஒன்றையும் குறிப்பிடல் தகும். சஹானாவின் செய்நிரல் எவரும் வாசிக்கத் திறந்தே உளது. முகாம் பதிவேட்டுக் கோப்புகளில் குடும்பம், தலைவர், முகவரி, சமயம் முதலியவற்றுக்கு வைக்கப்பட்ட புலங்களை, அதே காலத்தில் கீழ்க்கரையின் பிரதேச செயலகங்களில் நிரப்பப்பட்ட படிவங்களுடன் ஒப்பிட்டு நோக்கவேண்டும். எவை உள்ளே நிலைநிறுத்தப்பட்டன, எவை வெளியிலிருந்து பெறப்பட்டன என அட்டவணைப்படுத்தவேண்டும். படிவங்கள் பழையன, தாள் நைந்து போவதற்கு முன்னர் இது செய்யப்படல் வேண்டும். கணிதத்துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் இதற்கு ஒரே மேசையில் அமரவேண்டியிருக்கும்.